மூலமும் பிரதியும்: மெய்நிகர் இயந்திரக் காப்புமுறையின் வரலாறு – ஒரு பொருள்முதல்வாத நோக்கு

1

பழந்தமிழ் நூல்களின் பதிப்பு வரலாற்றைப் பயில்வோர் ஓருண்மையை விரைவிலேயே உணர்ந்துகொள்வர். ஒரு நூல் காலத்தைக் கடந்து நிற்பது அதன் சிறப்பினால் மாத்திரமன்று. அது எத்தனை ஏடுகளில், எத்தனை ஊர்களில், எவரெவர் வசம் இருந்தது என்பதனாலுமாகும். சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தமை, வெவ்வேறு கைகளால் எழுதப்பெற்ற ஏடுகள் வெவ்வேறிடங்களிற் பேணப்பட்டிருந்தமையாலேயே சாத்தியமாயிற்று. இதற்கு மறுதலையான அனுபவமும் எமக்குண்டு. 1981 மே 31 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூல்களிற் பலவற்றுக்கு வேறிடங்களிற் பிரதிகள் இருந்தன. வேறு பிரதியற்ற ஏடுகளும் கையெழுத்துப் படிகளும் மீளவில்லை.

ஏட்டுக் காலத்தை இலட்சியப்படுத்துவது இங்கு நோக்கமன்று. ஏடெழுதலும் ஏடு பேணலும் மடங்களினதும் உயர்சாதிக் குடும்பங்களினதும் ஏகபோகமாகவே பெரும்பாலும் இருந்தன. எது பிரதி செய்யப்படல் வேண்டும் என்பதை அவர்களே தீர்மானித்தனர். எனினும் ஒரு பிரதி மற்றொன்றிலிருந்து பௌதிக ரீதியாகப் பிரிந்திருந்தது. ஒன்றைத் தின்ற கறையான் மற்றையதைத் தின்னவில்லை. பிரதி என்ற சொல்லின் பயன் முழுவதும் இப்பிரிவிலேயே தங்கியுள்ளது.

இன்று ஒரு சமுதாயத்தின் நினைவு ஏட்டிலோ அச்சிலோ மட்டும் இல்லை. பரீட்சைப் பெறுபேறுகள், காணிப் பதிவுகள், வைத்தியசாலைக் குறிப்புகள், சம்பளப் பட்டியல்கள், அரச கடிதங்கள் என்பன கணனிகளில் உள்ளன. அக்கணனிகளும் பெரும்பாலும் தனித்தனி உலோகப் பெட்டிகளல்ல. ஒரு பெரிய கணனியினுள் மென்பொருளாற் படைக்கப்பட்ட ‘மெய்நிகர் இயந்திரங்கள்’ பல ஒருங்கே இயங்குகின்றன. அவற்றின் தரவுகள், பல கணனிகளுக்கும் பொதுவான தட்டுத் தொகுதியொன்றில், ‘சேமிப்பக வலையமைப்பு’ எனப்படும் தனிப் பாதை வழியாகச் சென்று சேர்கின்றன. இவ்வியந்திரங்களை எவ்வாறு பிரதி செய்து காப்பது என்பது பொறியியலாளரின் தொழில்நுட்பப் பிரச்சினையாகவே கருதப்பட்டு வந்துள்ளது. அது உழைப்பும் உடைமையும் பற்றிய பிரச்சினையும் ஆகும் என்பதே இக்கட்டுரையின் வாதம். காப்புமுறையின் ஒவ்வொரு வளர்ச்சியும் பிரதி செய்வதற்கான உழைப்பைக் குறைத்தது. அதே வேளையில் மூலத்துக்கும் பிரதிக்கும் இடையிலிருந்த தூரத்தையும் குறைத்தது. அத்தூரத்தை மீளப் பெறும் செலவை எவர் ஏற்பது என்ற வினா உற்பத்தி உறவுகள் பற்றிய வினாவாகும்.

2

ஐக்கிய அமெரிக்காவின் குடிசன மதிப்பீட்டுப் பணியகத்துக்கு 1951 இல் யுனிவாக் கணனி வழங்கப்பட்டது. அதன் தரவுகள் காந்த நாடாவில் இருந்தன. 1952 இல் ஐ.பி.எம். நிறுவனமும் தன் நாடாக் கருவியை வெளியிட்டது. நாடாவில் இருந்த கோப்பொன்றைத் திருத்தும் முறை இங்கு கவனத்துக்குரியது. நேற்றைய முதன்மைக் கோப்பு ஒரு நாடாவிலும் இன்றைய கொடுக்கல் வாங்கல்கள் மற்றொரு நாடாவிலும் ஏற்றப்படும். கணனி இரண்டையும் வாசித்து, திருத்தப்பட்ட புதிய முதன்மைக் கோப்பை மூன்றாவது நாடாவில் எழுதும். நேற்றைய நாடா அழிவதில்லை. அது தட்டில் வைக்கப்படும். இவ்வாறு பேணப்பட்ட மூன்று தலைமுறை நாடாக்களையும் தொழிலாளர் ‘பாட்டன், தந்தை, மகன்’ என வழங்கினர். மகன் பழுதுற்றால் தந்தையிலிருந்து மீண்டும் ஒருவனைப் பெறலாம்.

இம்முறையிற் காப்புப்பிரதி உற்பத்திச் செயற்பாட்டின் துணைவிளைவாகவே தோன்றியது. அதற்கெனத் தனி உழைப்போ தனி நேரமோ வேண்டியிருக்கவில்லை. பிரதி கைக்கு அடக்கமான பொருளாக இருந்தமையால் அதனை இன்னொரு கட்டடத்துக்கு எடுத்துச் செல்லவும் முடிந்தது.

1956 இல் ஐ.பி.எம். வெளியிட்ட ரமக் என்னும் கணனி இந்நிலைமையை மாற்றியது. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுக்களில் 50 இலட்சம் எழுத்துருக்களை அது கொண்டிருந்தது. நாடா முழுவதையும் ஓட்டாமலே வேண்டிய பதிவை உடனே எடுக்கவும் அதே இடத்திலேயே திருத்தவும் முடிந்தது. வணிக முதலாளித்துவத்துக்கு வேண்டியிருந்த வேகம் இதுவே. ஆனால் இருந்த இடத்திலேயே திருத்துவதென்பது, முன்னிருந்ததை அழித்து எழுதுவதாகும். தந்தையைக் கொன்றே மகன் பிறந்தான். எனவே பழைய நிலையைக் காக்க விரும்பியோர், வேலை ஓய்ந்த பின்னர், தட்டில் உள்ளவற்றை நாடாவிற் பிரதி செய்ய வேண்டியவராயினர்.

இதன் விளைவாக, காப்பு உற்பத்தியிலிருந்து பிரிந்தது. தனி உழைப்பாக, தனிச் செலவாக, கணக்கேட்டில் இலாபம் எதனையும் காட்டாத ஒரு நிரலாக மாறியது. ‘மூலதனம்’ நூலின் இரண்டாம் பாகத்தில், கணக்கெழுதுவதற்கும் பண்டங்களைச் சேமித்து வைப்பதற்கும் ஆகும் செலவுகளை மார்க்ஸ் சுற்றோட்டச் செலவுகளாக ஆராய்கிறார். தரவுக் காப்பையும் இவ்வகையிற் சேர்த்து நோக்கலாம். மூலதனம் இத்தகைய செலவை ஒழிக்க முடியாது. குறைத்துக் கொண்டேயிருக்க முனையும். பின்வந்த வரலாறு முழுவதும் இம்முனைப்பின் வரலாறேயாகும்.

3

மெய்நிகர் இயந்திரம் என்ற கருத்து 1964 இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் கேம்பிறிட்ஜ் நகரில் ஐ.பி.எம். அமைத்த அறிவியல் நிலையத்தில் உருப்பெற்றது. அக்காலத்துக் கணனி மிக விலையுயர்ந்தது. ஒரு வேளையில் ஒருவரது வேலையையே செய்தது. அதனைப் பலருக்குப் பகிர்வது எவ்வாறு என்பதே அன்றைய பிரச்சினை. றொபேட் கிறீசி தலைமையிலான குழு கண்ட தீர்வு புதுமையானது. ஒரு கணனியைப் பலரும் பங்கிட்டுக் கொள்வதற்குப் பதிலாக, ஒவ்வொருவருக்கும் முழுக் கணனியொன்று தனியே இருப்பது போன்ற நிலையை ஒரு கட்டுப்பாட்டு நிரல் உருவாக்கியது. சி.பி.-40 எனப்பட்ட இவ்வமைப்பு 1967 சனவரியில் நடைமுறைப் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே உலோக இயந்திரத்தில் 14 மெய்நிகர் இயந்திரங்கள் வரை இயங்கின. அதன் வழிவந்த வி.எம்./370 என்ற மென்பொருளை 1972 ஓகஸ்டில் ஐ.பி.எம். சந்தைக்கு அறிவித்தது. இயந்திரமொன்று மெய்நிகராக்கப்படுவதற்கு வேண்டிய நிபந்தனைகளை 1974 இல் பொப்பெக், கோல்ட்பேர்க் ஆகிய இருவரும் கோட்பாடாக வகுத்தனர்.

இதன் தத்துவப் பொருளை நாம் கவனித்தல் வேண்டும். இயந்திரம் என்பது அதுவரை பொருளாக இருந்தது. இப்போது அது விவரிக்கத்தக்க ஒன்றாக, அதாவது எழுத்தாக மாறியது. எழுத்தாக மாறிய எதனையும் பிரதி செய்யலாம்.

இவ்வெழுத்தின் சமூக வாழ்வும் கவனிக்கத்தக்கது. வி.எம். மென்பொருள் அதன் மூலநிரலுடனேயே பயனாளருக்கு வழங்கப்பட்டது. பல்கலைக்கழகங்களிலும் நிறுவனங்களிலும் பணிபுரிந்த நிரலாளர் அதனைத் திருத்தினர், மேம்படுத்தினர், 1955 இல் நிறுவப்பட்ட ஷெயார் என்னும் பயனாளர் சங்கத்தின் வழியாகத் தம் திருத்தங்களை நாடாக்களிற் பகிர்ந்துகொண்டனர். அம்மென்பொருளின் வளர்ச்சியில் ஊதியமற்ற இக்கூட்டுழைப்புக்குக் கணிசமான பங்குண்டு. 1983 பெப்ரவரியில் ஐ.பி.எம். இனிமேல் மூலநிரலை வழங்கப்போவதில்லையென அறிவித்தது. சமூகமயமான உழைப்பின் பயனைத் தனியுடைமை தனதாக்கிக்கொள்ளும் முறைக்கு இதைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

4

1980 களிலும் 1990 களிலும் மையக் கணனியின் இடத்தை மலிவான சிறு கணனிகள் பிடித்தன. 1981 இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாட் கணனியின் கட்டமைப்பையொட்டி எழுந்த சேர்வர்கள் ஒவ்வொரு அலுவலகத்திலும் பெருகின. மின்னஞ்சலுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, கோப்புகளுக்கு ஒன்று என ஒவ்வொரு பணிக்கும் ஒரு பெட்டி; ஒவ்வொரு பெட்டிக்கும் தனக்கேயான தட்டு. இரவில் இப்பெட்டிகள் அனைத்தும் உள்ளக வலையமைப்பு வழியாகத் தம் தரவுகளைக் காப்புச் சேர்வர் ஒன்றுக்கு அனுப்பும். அது அவற்றை நாடாவில் எழுதும்.

இரவின் இவ்வோய்வு நேரத்துக்குத் தொழில் வழக்கிற் ‘காப்புச் சாளரம்’ என்று பெயர். ஆனால் தரவு பெருகப் பெருகச் சாளரம் போதாமலாயிற்று. 1983 இல் தரப்படுத்தப்பட்ட ஈதர்நெற் வலையமைப்பு ஒரு செக்கனில் 10 மெகாபிற் அளவையே கடத்தியது. 1995 இல் வந்த அதன் அடுத்த தரமும் 100 மெகாபிற் அளவோடு நின்றது. மறுபுறத்தில், வர்த்தகம் உலகளாவியதாக மாறியதும் இரவு என்பதே இல்லாமற் போயிற்று. ஓரிடத்து இரவு வேறோரிடத்துப் பகலாகும். வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், இயந்திரம் இரவிற் சும்மா கிடப்பதை மூலதனம் பொறுப்பதில்லை என்றும், அதன் பொருட்டு முறைவேலை எழுந்தது என்றும் மார்க்ஸ் காட்டுகிறார். நெசவாலையில் நிகழ்ந்த அதே செயற்பாடு கணனி அறையில் மீண்டும் நிகழ்ந்தது. இங்கு பறிபோனது தொழிலாளியின் உறக்கம் மட்டுமன்று. பிரதி செய்வதற்கான ஓய்வுமாகும்.

நாடா ஏற்றும் இரவுப் பணியாளரின் உழைப்பும் இயந்திரமயமாக்கப்பட்டது. 1987 இல் ஸ்ரோரேஜ்ரெக் நிறுவனம் வெளியிட்ட தானியங்கி நாடாக் களஞ்சியத்தில் சுமார் 6,000 நாடாப் பேழைகள் இருந்தன. இயந்திரக் கையொன்று அவற்றை எடுத்து ஏற்றியது.

பாதை நெருக்கடிக்குத் தீர்வாகவே சேமிப்பக வலையமைப்பு தோன்றியது. அதுவரை தட்டு, சில மீற்றர் நீளமான தடித்த வடமொன்றால் ஒரே சேர்வருடன் பிணைக்கப்பட்டிருந்தது. 1994 இல் அமெரிக்கத் தர நிறுவனம் அங்கீகரித்த ஃபைபர் சனல் முறை, அதே கட்டளைகளை ஒளியிழை வழியாக, செக்கனுக்கு ஏறத்தாழ 100 மெகாபைற் வேகத்தில், கிலோமீற்றர்க் கணக்கான தூரத்துக்குக் கொண்டு சென்றது. சேர்வர்கள் ஒரு புறமும் பெரிய தட்டுத் தொகுதிகள் மறுபுறமும் நிற்க, இடையில் ஆளிகள் நின்று அவற்றை இணைத்தன. தட்டுத் தொகுதி ‘தருக்க அலகுகள்’ எனப்படும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. எந்தச் சேர்வர் எந்த அலகைக் காணலாம் என்பதை ஆளிகளிலும் தட்டுத் தொகுதியிலும் நிருவாகி வகுத்தார். காப்புத் தரவும் இப்போது உள்ளக வலையமைப்பைத் தொடாமல் இத்தனிப் பாதையிலேயே நாடாவுக்குச் செல்லலாயிற்று.

இவ்வாறு நினைவு இயந்திரத்திலிருந்து பிரிக்கப்பட்டது. பல இயந்திரங்களின் நினைவு ஓரிடத்திற் குவிக்கப்பட்டது. உற்பத்திச் சக்திகளின் நோக்கில் இது முன்னேற்றமே. ஆனால் குவிவு எனும் சொல் மூலதனத்தின் வரலாற்றில் ஒருபோதும் நடுநிலையான சொல்லாக இருந்ததில்லை.

5

மெய்நிகர் இயந்திரக் கருத்து இவ்வேளையிற் சிறு கணனிகளின் உலகிற்கு வந்து சேர்ந்தது. 1997 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பூனியொன், டிவைன், றோசன்புளும் ஆகியோர் டிஸ்கோ என்னும் ஆய்வமைப்பை வெளியிட்டனர். மறு ஆண்டில் அவர்களும் டயான் கிறீன், எட்வேட் வாங் ஆகியோரும் சேர்ந்து வி.எம்.வெயார் நிறுவனத்தைத் தொடங்கினர். 1974 இன் நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யாத இன்ரெல் வகைச் செயலிகளிலும், கட்டளைகளை இயங்கும் வேளையிலேயே மொழிமாற்றி, மெய்நிகராக்கத்தை அவர்கள் சாத்தியமாக்கினர். 2001 இல் அவர்களது சேர்வர் மென்பொருள் வந்தது.

நிறுவனங்கள் இதனை விரைந்து ஏற்றமைக்குக் காரணம் தெளிவானது. ஒவ்வொரு பெட்டியும் தன் ஆற்றலிற் சிறு பகுதியையே பயன்படுத்தியது. மீதி சும்மா கிடந்தது. பத்துப் பெட்டிகளின் வேலையை ஒரு பெட்டியில் அடக்கினால் பெட்டி, மின்சாரம், குளிரூட்டல், ஊழியர் என யாவற்றிலும் மீதமுண்டு. ஆனால் காப்பு வேலை இதுவரை தங்கியிருந்தது அந்தச் சும்மா கிடந்த ஆற்றலிலேயே என்பதை எவரும் அப்போது பெரிதாக எண்ணவில்லை. ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்தினுள்ளும் பழைய முறைப்படி காப்பு மென்பொருளை நிறுவி, இரவில் ஒரே நேரத்தில் இயக்கியபோது, அனைத்தும் ஒரே செயலியையும் ஒரே வலையமைப்பு வாயிலையும் நெருக்கின. ஓய்வை விற்றுவிட்டபின் ஓய்வில் செய்யும் வேலைக்கு இடமில்லாமற் போயிற்று. மூலதனம் ஒரு முரண்பாட்டைத் தீர்க்கும் வழியிலேயே அடுத்ததைப் பிறப்பிக்கிறது என்பதற்கு இது நல்ல உதாரணமாகும்.

இம்முரண்பாட்டுக்கான விடை மெய்நிகர் இயந்திரத்தின் இயல்பிலேயே இருந்தது. அவ்வியந்திரத்தின் தட்டு, உண்மையில், பொதுத் தட்டுத் தொகுதியில் உள்ள ஒரு பெரிய கோப்பேயாகும். கோப்பைப் பிரதி செய்தால் இயந்திரமே முழுமையாகப் பிரதி செய்யப்படும். அக்கோப்போ சேமிப்பக வலையமைப்பில் உள்ளது. எனவே, சேர்வரைத் தொந்தரவு செய்யாது, காப்புக்கென ஒதுக்கப்பட்ட வேறொரு கணனி அவ்வலையமைப்பு வழியாகவே அதனை நேரே வாசிக்கலாம். 2006 இல் வி.எம்.வெயார் வெளியிட்ட ஒருங்கிணைந்த காப்புமுறை இத்தத்துவத்தில் அமைந்தது.

எழுதப்பட்டுக் கொண்டிருக்கும் ஏட்டைப் பிரதி செய்வது எவ்வாறு என்ற பிரச்சினை இங்கு எழுகிறது. முதலோலையைப் பிரதி செய்து முடிப்பதற்குள் கடையோலை மாறிவிடும். கிடைக்கும் பிரதி எந்தக் கணத்துக்கும் உரியதாக இராது. இதற்கெனக் ‘கணப்பதிவு’ முறை பயன்பட்டது. பிரதி தொடங்கும் கணத்தில் மூலக் கோப்பு உறைய வைக்கப்படும். அதன்பின் வரும் மாற்றங்கள் ஒரு தனிக் கோப்பில் எழுதப்படும். பிரதி முடிந்ததும் அம்மாற்றங்கள் மூலத்தோடு சேர்க்கப்படும். சேர்க்க மறந்தால் மாற்றக் கோப்பு வளர்ந்து பொதுத் தட்டையே நிரப்பிவிடும். 2009 இல் வந்த அடுத்த முறையில், கடந்த காப்புக்குப் பின் மாறிய துண்டங்கள் எவையென மென்பொருளே குறித்து வைத்தது. காப்புக் கணனி அத்துண்டங்களை மாத்திரம் வாசித்தாற் போதுமானதாயிற்று. மணிக்கணக்கான வேலை நிமிடங்களாகச் சுருங்கியது.

இதன் மறுபக்கத்தையும் கூறுதல் வேண்டும். நேரே வாசிப்பதற்காக, காப்புக் கணனிக்கு எல்லா இயந்திரங்களின் மூலக் கோப்புகளும் அடங்கிய தருக்க அலகுகள் திறந்து விடப்பட்டன. அக்கணனி பெரும்பாலும் வின்டோஸ் இயங்குதளத்தைக் கொண்டது. தனக்கு விளங்காத அமைப்பிலுள்ள அவ்வலகுகளை அது வெற்றுத் தட்டுக்களென மயங்கித் தன் அடையாளத்தை எழுதினால், அல்லது கவனமற்ற ஒருவர் அவ்வாறு எழுதும்படி இணங்கினால், பல இயந்திரங்களின் மூலம் ஒருங்கே அழிந்துவிடும். இதனாலேயே, அலகுகளை இணைப்பதற்கு முன் தானாக ஏற்றிக்கொள்ளும் வசதியை நிறுத்திவிடும்படி நிருவாகிகளுக்குப் போதிக்கப்பட்டது. ஏடு காப்பவனுக்கு எல்லா ஏட்டுப் பெட்டிகளின் திறப்பும், கூடவே எழுத்தாணியும் கொடுக்கப்பட்ட நிலை இது.

பிரதிகளிடையே இருந்த தூரமும் சுருங்கியது. 2000 களிற் பரவிய ‘மிகை நீக்க’ முறையில், பல பிரதிகளில் ஒரேமாதிரி அமைந்த துண்டம் ஒருமுறை மட்டுமே சேமிக்கப்படும். முப்பது இரவுகளின் முப்பது பிரதிகள் என்று பட்டியலிற் காணப்படுபவை, தட்டில் பெரும்பாலும் ஒரே துண்டங்களையே சுட்டிநிற்கும். இடம் வெகுவாக மீந்தது. ஆனால் பொதுவான ஒரு துண்டம் பழுதுற்றால் அதனைச் சுட்டும் முப்பதும் பழுதுறும். எண்ணிக்கையிற் பலவாகவும் இருப்பில் ஒன்றாகவும் உள்ள பிரதி, பிரதியா என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

6

அண்மைக்கால நிகழ்ச்சிகள் சில இதனை விளக்கும். அவை யாவும் ஒரே தொழில்நுட்பத்தைச் சார்ந்தவையல்ல; எனினும் அவற்றின் அடிப்படைப் பாடம் ஒன்றே.

2021 மார்ச் 10 ஆம் திகதி பிரான்சின் ஸ்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு நிலையமொன்று எரிந்தது. மூலத்தையும் காப்பையும் அவ்வளாகத்திலேயே வைத்திருந்த வாடிக்கையாளர் சிலர் இரண்டையும் இழந்தனர். 2025 செப்ரெம்பர் 26 ஆம் திகதி தென்கொரியாவின் டேஜொன் நகரில் அரச தகவல் வள நிலையத்தில் ஏற்பட்ட தீயில், அரச ஊழியர்கள் தம் ஆவணங்களை வைத்திருந்த பொதுச் சேமிப்பகமொன்று முற்றாக அழிந்தது. அதில் 858 ரெராபைற் தரவு இருந்தது. அதன் கொள்ளளவு மிகப் பெரிது என்பதனால் வெளிக்காப்பு வைக்கப்படவில்லை எனக் காரணம் கூறப்பட்டது. உலகின் மிக வளர்ச்சியடைந்த கணனித் தொழில் நாடுகளுள் ஒன்றில் இது நிகழ்ந்தது என்பதை மனங்கொள்ளல் வேண்டும். அறிவு இல்லாமையன்று, செலவு பற்றிய தீர்மானமே அங்கு அழிவைத் தந்தது.

எமது நாட்டின் அனுபவமும் உண்டு. 2023 ஓகஸ்டில் லங்கா அரசாங்க முகில் எனப்படும் அரச கணனிச் சேவை, தரவுகளை மறைகுறியாக்கிக் கப்பம் கோரும் மென்பொருளாற் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரச மின்னஞ்சலைப் பயன்படுத்திய அலுவலகங்கள் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களை இழந்தன. மூலத்தோடு இணைந்திருந்த காப்பும் சேர்ந்தே பாதிக்கப்பட்டது. அக்காலப்பகுதிக்குத் துண்டித்து வைக்கப்பட்ட காப்பு எதுவும் இருக்கவில்லை. மென்பொருளைப் புதுப்பிக்கும் திட்டம் நிதியின்மையாற் பின்போடப்பட்டிருந்ததும் வெளியாயிற்று. கடனில் மூழ்கிய அரசொன்றின் நிதி ஒழுக்கம் முதலில் வெட்டுவது, இலாபம் காட்டாத இந்நிரலையே. நாடா யுகத்தின் முடிவில் உற்பத்தியிலிருந்து பிரிந்த அதே செலவு, இங்கு ஒரு தேசத்தின் மூன்று மாதக் கடிதப் போக்குவரத்தாக வந்து நிற்கிறது.

கப்பக்காரர் காப்பை முதலிற் தேடி அழிப்பது தற்செயலன்று. மூலத்தை அடைந்தவர் அதே வலையமைப்பு வழியாகப் பிரதியையும் அடையலாம் என்பதே அவர்களது தொழிலின் ஆதாரம். ஆகவேதான் தொழிலறிஞர் இன்று மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என்ற விதியை வற்புறுத்துகின்றனர்; வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட நாடாவுக்கும் மீண்டும் மதிப்பு ஏற்பட்டுள்ளது. பாட்டன் இறந்துவிடவில்லை.

7

உடைமை பற்றிய வினாவுக்கு வருவோம். 2003 டிசெம்பரில், தட்டுத் தொகுதிகளை விற்ற ஈ.எம்.சி. நிறுவனம் வி.எம்.வெயாரை 635 மில்லியன் டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. இயந்திரத்தைக் கோப்பாக மாற்றியவரும் கோப்பை வைக்கும் இடத்தை விற்றவரும் ஒரே உடைமையின் கீழ் வந்தனர். 2016 இல் டெல் நிறுவனம் ஈ.எம்.சி. யை விழுங்கியது. 2021 இல் தனியே பிரிக்கப்பட்ட வி.எம்.வெயாரை 2023 நவம்பரில் புறோட்கொம் நிறுவனம் வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை விலை கொடுத்து நிரந்தரமாகப் பயன்படுத்தும் உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டது. தொடர் சந்தா மாத்திரமே வழியாயிற்று. பண்டத்தை விற்று இலாபம் பெற்ற மூலதனம், நிலப்பிரபுவைப் போல, வாடகை பெறும் மூலதனமாகியது. தன் இயந்திரங்களை ஒருவரது அமைப்பில் எழுதிவிட்ட நிறுவனம், அவற்றின் காப்புப்பிரதிகளையும் அதே அமைப்பிலேயே வைத்திருக்கிறது. வாடகை கொடாதவருக்குப் பிரதி கையிலிருந்தும், அதனை உயிர்ப்பிக்கும் வழி எளிதாக இராது.

இதற்கெதிரான போக்கும் வரலாற்றில் உண்டு. 2003 இல் இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து சென் என்னும் திறந்த மெய்நிகராக்க மென்பொருள் வந்தது. 2007 இல் கே.வி.எம். என்பது லினக்ஸ் கருவோடு இணைக்கப்பட்டது. இவற்றின் மூலநிரல் எவருக்கும் திறந்தது. 1983 இல் அடைக்கப்பட்ட கதவு வேறொரு இடத்தில், வேறொரு தலைமுறையாற் திறக்கப்பட்டது எனலாம். ஆயினும் பெருநிறுவனங்களும் இம்மென்பொருள்களையே தம் முகில் சேவைகளின் அடித்தளமாகக் கொண்டுள்ளன என்பதை மறத்தலாகாது. நிரல் பொதுவானதாயினும், அது இயங்கும் கட்டடமும் மின்சாரமும் தட்டும் பொதுவானவையல்ல. திறந்த மூலநிரல் தன்னளவில் விடுதலை தராது. அதற்கான முன்நிபந்தனைகளுள் ஒன்று அது.

8

இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க முடிவுகள் எவை? தொழில்நுட்ப வளர்ச்சியை வெறுத்து ஏட்டுக்கும் நாடாவுக்கும் மீளுமாறு கூறுவது மார்க்சிய நோக்கன்று. இயந்திரத்தையே எழுத்தாக்கிப் பிரதி செய்யும் ஆற்றல் மனித உழைப்பின் பெருஞ்சாதனை. ஒரு வைத்தியசாலையின் பதிவுகள் அனைத்தையும் சில நிமிடங்களில் மீட்க முடிவது அச்சாதனையாலேயே. ஆனால் இவ்வாற்றல் செலவைக் குறைக்கும் நோக்கத்துக்கு ஆட்பட்டபோது, மூலமும் பிரதியும் ஒரே கட்டடத்தில், ஒரே வலையமைப்பில், ஒரே திறப்பின் கீழ், ஒரே உடைமையாளரின் தயவில் வந்து சேர்ந்தன. பிரிந்திருத்தல் என்ற பிரதியின் முதற் பண்பே பறிபோயிற்று.

அப்பண்பை மீட்பது நிருவாகி ஒருவரின் கவனத்தால் மட்டும் ஆவதன்று. பல்கலைக்கழகங்கள் ஒன்றின் காப்பை மற்றொன்று வைத்திருப்பது, அரச ஆவணங்களின் துண்டிக்கப்பட்ட பிரதியைச் சட்டத்தாற் கட்டாயமாக்குவது, காப்பின் அமைப்பு எவரும் வாசிக்கத்தக்க திறந்த அமைப்பாக இருத்தல் வேண்டுமெனக் கோருவது, காப்பிலிருந்து உண்மையில் மீட்க முடிகிறதா என்பதை ஆண்டுதோறும் பரிசோதித்துப் பகிரங்கப்படுத்துவது என்பன சாத்தியமான கோரிக்கைகள். அவற்றுக்கு வேண்டியது புதிய கண்டுபிடிப்பன்று. இலாபம் காட்டாத உழைப்புக்கு இடமளிக்கும் சமூகத் தீர்மானமேயாகும்.

எரிந்த நூலகமொன்றின் சாம்பலைக் கண்ட சமூகத்துக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களைத் தன்னார்வ உழைப்பால் பிரதி செய்து எவரும் பெறத் திறந்து வைத்தமை அவ்வனுபவம் கற்பித்த பாடத்தின் பயனென்றே கொள்ளத்தக்கது. அங்கிருந்து ஒரு நூலைத் தரவிறக்கித் தன் கணனியில் வைத்திருக்கும் ஒவ்வொரு வாசகரும், அறிந்தோ அறியாமலோ, ஓர் ஏட்டைத் தன் வீட்டிற் பேணுபவராகிறார். பழைய ஏடு காப்போரின் சாதி வரம்பு அவருக்கு இல்லை. பிரதியின் தூரமும் பிரதியின் பொதுமையும் ஒருசேரக் கிட்டும் வழி அத்திசையிலேயே உள்ளது.